பெயருக்கு ஒரு தலைவி

எங்கள் குறிச்சி வாசிகசாலைக்கு என்னைத் தலைவியாக்கியது என் கெட்டித்தனத்தைப் பார்த்து என்று நினைத்தீர்களானால், உங்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. நயினாதீவில் அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். தலைவர் பதவி ஆண்களில் ஒருவருக்கும் வேண்டாமாம், அதனால் என்னிடம் வந்தது. அவ்வளவுதான் சங்கதி.

ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லவேண்டும். அந்த நாட்களில் முகாமிலிருந்து நேவிக்காரர் ஊருக்குள் வந்தால் முதலில் கேட்பது, "இங்க தலைவர் யார்?" இயக்கப் பெடியள் வந்தாலும் அதே கேள்விதான். பக்கத்துக் குறிச்சிச் சங்கத் தலைவர் அப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் போய், பல வாரம் கழித்துத்தான் வீடு திரும்பினார். திரும்பிய பிறகு மனுசன் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. அதைக் கண்டதும் எங்கள் வாசிகசாலைத் தலைவருக்கு முழங்கால் வருத்தம் வந்துவிட்டது. உபதலைவருக்குப் பிரஷர். செயலாளர் மகளைப் பார்க்கக் கொழும்புக்குப் போனவர், போனவர்தான்.

பெரியப்பா அப்பாவுக்கு மூத்தவர். இருவரும் தெற்கே ஒரு பட்டினத்தில் சேர்ந்து கடை வைத்திருந்தார்கள். எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிந்தது. அப்பா கொஞ்ச நாள் ஊரிலிருந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருக்க ஏலாது என்று திரும்பவும் தெற்கே போய் இன்னொருவரின் கடையில் நின்றார். பெரியப்பா போகவில்லை. கடை எரிந்தாலும் அவருடைய குரல் எரியவில்லை. ஊரில் எந்தக் கூட்டமென்றாலும் முதலில் எழும்புவது அவர்தான்.

பொதுக்கூட்டத்தில் அவர் எழும்பினார். ஆண்கள் வாங்குகளில் இருந்தார்கள், நாங்கள் பெண்கள் விறாந்தையில் பாய் விரித்து இருந்தோம். "எத்தினை நாளைக்கு எங்கடை பெண் பிள்ளையளைக் குசினிக்குள்ளை வைச்சிருக்கப் போறம்? அவையள் முன்னுக்கு வரவேணும். தலைமை தாங்கப் பழக வேணும்," என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அம்மா என் காதுக்குள் குனிந்து, "உவர் ஏன் இப்ப உதெல்லாம் கதைக்கிறார்?" என்று கேட்டா. அம்மாவுக்கு அப்போதே விளங்கியிருக்கிறது. என் பெயரை முன்மொழிந்தார்கள். செயலாளராக என் மச்சாள், அதாவது அப்பாவின் தங்கையின் மகள். எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்து போகும்போதுதான் உண்மை காதில் விழுந்தது. படலையடியில் பெரியப்பா ஒருவருக்குச் சொல்லிக்கொண்டு போனார்: "குமர்ப்பிள்ளையை ஒருத்தனும் விசாரிக்கக் கூப்பிடமாட்டான். இனி இந்தக் கரைச்சல் இல்லை."

அடுத்த கூட்டத்துக்கு நான் சீலை உடுத்து, கொஞ்சம் பவுடரும் பூசிக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் தலைவருக்கென்று கைபிடி வைத்த கதிரை ஒன்று இருந்தது. நான் நேரே போய் அதில் கைவைத்தேன். வாங்குகளில் கதை நின்றுவிட்டது. பெரியவர்கள் வாங்கில் இருக்க, கலியாணம் முடிக்காத பெட்டை ஒன்று அவர்களுக்கு முன்னால் கதிரையில் குந்துவதா? பெரியப்பா சிரித்த முகத்தோடு எழும்பி வந்தார். "பிள்ளை, நீ உங்கை அம்மாவோடை போய் இரு. நான் பாத்துக்கொள்ளுறன்," என்றார். பிறகு கதிரையில் தான் இருந்து, தலைவியின் சார்பில் என்று சொல்லிக் கூட்டத்தை நடத்தினார். வாசிகசாலைப் பூட்டின் திறப்பும் அவருடைய மடியில்தான். நான் பாயில் போய் இருந்தேன். மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு, "தலைவி அம்மா, கொஞ்சம் தள்ளி இரும், எனக்கும் இடம் வேணும்," என்றாள். அவளை அடிக்கலாம் போல இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து நான் சோறு தின்னவில்லை. தராமல் விட்டிருந்தால் எனக்கு அந்தப் பதவியில் ஒரு ஆசையும் வந்திராது. தந்துவிட்டு, தந்தது பெயர் மட்டும்தான் என்று ஊர் முன்னால் காட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லை. எனக்கு அது உண்மையாக வேண்டும் என்று அன்றுதான் நினைத்தேன்.

வாசிகசாலைக்கு அப்போது இரண்டே பொறுப்புகள். ஒன்று பேப்பர் எடுத்துப் போடுவது. குறிகட்டுவானிலிருந்து படகு வந்தால்தானே பேப்பர் வரும்? மற்றது நல்லதண்ணிக் கிணற்றைப் பார்ப்பது. எங்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். குடிக்கவும் உலை வைக்கவும் அந்த ஒரு கிணறுதான், அதுவும் கோடையில் அள்ள அள்ள அடியில் போய்விடும். ஊறும் வரை காத்து நிற்கவேண்டும். காத்து நிற்கிற இடத்தில் சண்டை வராமல் இருக்குமா? வாளியால் எறிபட்ட கதையெல்லாம் உண்டு. அது பெண்கள் சண்டை என்பதால் ஆண்களுக்கு அதில் அக்கறை இல்லை. "கிணத்தை எனக்கு விடுங்கோ பெரியப்பா," என்று கேட்டேன். "ஓ, அதைக் கொண்டு போ," என்று சிரித்தார்.

நான் முறை வைத்து ஒரு ஒழுங்கு செய்தேன். கிழமைக்கு ஒரு பெட்டை கிணற்றடிக்குப் பொறுப்பு. அந்தக் கிழமை அவள் சொல்வதுதான் சொல். நான் தலைவி என்று போய் நின்றாலும் அவள் சொல்லை வெட்ட ஏலாது. ஆனால் பொறுப்பாக நிற்கிறவள் தன் வீட்டுக்குத் தண்ணீர் அள்ளுவது எல்லோருக்கும் கடைசியில். இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் தாய்மார் பிடித்துக்கொண்டார்கள். "என்ரை பிள்ளை ஏன் ஊராற்றை பேச்செல்லாம் வாங்கிக்கொண்டு சேத்துத் தண்ணியும் கொண்டு வரவேணும்?" என்று ஒருத்தி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினா. கத்தட்டும் என்று விட்டேன். அந்த விதி இல்லாவிட்டால் பொறுப்பாக நிற்கிறவளை ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. யாரும் சொல்லித் தரவில்லை, கதிரையைத் தனக்கே எடுத்துக்கொண்ட பெரியப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

முதல் கிழமை நானே நின்றேன். தொண்டை கிழியக் கத்தினேன். என்னை விடப் பெரிய தொண்டைகள் அங்கே இருந்தன. மச்சாளின் கிழமை வந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அவள் பகிடி விடுவதெல்லாம் என்னோடு மட்டும்தான். வெளி ஆட்களுக்கு முன்னால் பெயர் கேட்டால்கூடக் காலைப் பார்த்துக்கொண்டு சொல்லுகிறவள். இரண்டாம் நாளே பெரியம்மா, பெரியப்பாவின் மனுசி, வரிசையை விலத்திக்கொண்டு நேரே போய்க் கயிற்றில் கைவைத்தா. மச்சாள் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விடடி கயித்தை. நான் ஆர் எண்டு தெரியுமோ? உன்ரை மாமியடி!"

மச்சாள் விடவில்லை. பெரியம்மா அவளுடைய தாயைப் பேசினா, தகப்பனைப் பேசினா, பரம்பரையையே இழுத்தா. இவள் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை, முறைக்கவும் இல்லை. கயிறு கையில், அவ்வளவுதான். பேசிப் பேசிக் களைத்துப் பெரியம்மா கடைசியில் வரிசையின் பின்னால் போய் நின்றா. நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சாள் அன்று வீட்டுக்கு வந்துதான் அழுதாள். தேம்பித் தேம்பி அழுதாள். கிணற்றடியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அந்தக் கோடை முடிவதற்குள் கிணற்றடியில் வாளிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எத்தனையோ பெட்டைகள் மாறி மாறி நின்றுவிட்டார்கள். வாசிகசாலைக்குள் பெரியப்பா என் சார்பில் இருந்துகொண்டே இருந்தார்.

பிறகு ஒரு நாள் காலை கடலுக்குப் போன எங்கள் குறிச்சி ஆட்கள் இரண்டு பேரை முகாமில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. போகக்கூடாத பக்கம் வள்ளம் போய்விட்டதாம். ஊர்த் தலைவர் வந்து எங்கள் ஆட்கள் என்று சொன்னால் விடுவார்களாம். குமர்ப்பிள்ளையை ஒருத்தனும் கூப்பிடமாட்டான் என்ற பெரியப்பாவின் கணக்குப் பிழைத்துவிட்டது. அவர் வேர்த்து விறுவிறுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளை, நான் போவன், எனக்குப் போறதிலை ஒண்டுமில்லை. ஆனா பதவி உன்ரை பேரிலைதானே கிடக்கு," என்றார்.

அம்மா அதுவரை பெரியப்பாவுக்கு முன்னால் நிமிர்ந்து கதைத்ததில்லை. அன்று குசினிக்குள்ளிருந்து வெளியே வந்து, "அத்தான், இதுக்கோ என்ரை பெட்டையைத் தலைவியாக்கினனீங்கள்?" என்று கேட்டா. அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

எனக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம். ஆனால் போகாவிட்டால் நான் பெயருக்குத் தலைவி என்பது என் வாயாலேயே உறுதியாகிவிடும். "போறன்," என்றேன். "ஆனா தனியப் போகமாட்டன். கிணத்தடியிலை நிக்கிற பெண்டுகள் எல்லாரும் வரட்டும்." மச்சாள் ஓடிப்போய்ச் சொன்னாள். தலை சீவி இழுக்காமல், ஈரச் சட்டையோடு, சிலர் வாளியோடேயே வந்தார்கள்.

முகாம் வாசலில் மூன்று பேரைக் குந்த வைத்திருந்தார்கள். இரண்டு பேர் எங்கள் ஆட்கள். மூன்றாவது ஆளை நான் கண்டதே இல்லை. இடுப்பில் நனைந்த சாரத்தோடு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். முகாம் பொறுப்பதிகாரி அரைகுறைத் தமிழில் கேட்டான்: "மூணு பேரும் உங்க ஆளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும். எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த மூன்றாவது மனுசன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வை. "ஓம், மூண்டு பேரும் எங்கடை ஆக்கள்," என்று என் வாய் சொல்லிவிட்டது.

"இவன் பேர் என்ன?" என்று மூன்றாம் ஆளைக் காட்டினான்.

எனக்கு எப்படித் தெரியும்? அப்போது பக்கத்தில் நின்ற மச்சாள், பெரியம்மாவுக்கு முன்னால்கூட வாய் திறக்காத மச்சாள், அந்த ஆளைப் பார்த்துக் கத்தத் தொடங்கினாள். "வீட்டிலை பொஞ்சாதி அழுதுகொண்டிருக்குது, நீர் இஞ்சை குந்திக்கொண்டிருக்கிறீர்! எத்தினை தரம் சொன்னது அந்தப் பக்கம் போகவேண்டாம் எண்டு? வாயிலை என்ன கொழுக்கட்டையோ? பேரைச் சொல்லுமன் ஐயாவுக்கு!" அந்த ஆள் திடுக்கிட்டுத் தன் பெயரைத் தானே சொன்னார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரையும் விட்டான்.

அவர் எழுவைதீவு ஆள். எஞ்சின் நின்று வள்ளம் அடித்துக்கொண்டு வர, எங்கள் ஆட்கள்தான் ஏற்றியிருக்கிறார்கள். வரும் வழியில் மச்சாள் வேலியைப் பிடித்துக் குனிந்து ஒரு முறை சத்தியெடுத்தாள். பிறகு எல்லோருமாகச் சிரித்தோம். பைத்தியம் பிடித்தவர்களாகச் சிரித்தோம்.

பெரியப்பா சிரிக்கவில்லை. "ஆரெண்டு தெரியாதவனுக்கு நீ ஏன் பொறுப்பு நிண்டனி? அவன் ஏதும் செய்து பிடிபட்டால் ஊரையே கொளுத்துவாங்கள். விசர்ப் பெட்டை!" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதற்குப் பிறகு பல மாதம் ஒழுங்கைக்குள் பூட்ஸ் சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு இடித்தது. ஆனால் போ என்று அனுப்பிவிட்டு, போய் இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே என்று வீட்டில் இருந்துகொண்டு சட்டம் பேசுவதை நான் எப்படிப் பொறுப்பேன்? நானும் வாய் காட்டினேன். அன்றிலிருந்து அவருக்கும் எனக்கும் முகம் கொடுத்துக் கதை இல்லை.

அதற்குப் பிறகு இந்திய ஆமி வந்தது. கொஞ்ச நாள் சண்டை இல்லை என்று எல்லோரும் நம்பினோம். நிவாரண அரிசி, சீமெந்து எல்லாம் சங்கங்களுக்கு ஊடாகத்தான் கொடுக்கப்படும் என்று கதை வந்தது. முழங்கால் வருத்தம் சுகமாகியது. பிரஷரும் இறங்கியது. பொதுக்கூட்டம் ஒன்று கூட்டினார்கள்.

"பிள்ளை கஷ்ட காலத்திலை நல்லா நிண்டவ," என்று பெரியப்பாவே தொடங்கினார். "இனி அவவுக்கும் கலியாணம் காட்சி எண்டு பாக்கவேணும். அதோடை, ஆர் எவர் எண்டு தெரியாத ஆக்களுக்குப் பொறுப்பு நிக்கிற பழக்கம் ஊருக்குச் சரிவராது." புதுத் தலைவராக அவருடைய பெயர். எனக்கு ஆதரவானவர்கள் கையை உயர்த்தலாம் என்றார்கள். விறாந்தையில் பாயில் இருந்த அத்தனை பெண்களும் கையை உயர்த்தினார்கள். பெரியம்மாவின் கைகூட உயர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோசம் இல்லை.

பெரியப்பா மெல்லச் சிரித்தார். "பெண்டுகள் அங்கத்தவர் இல்லையே. அது கணக்கிலை வராது."

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"உன்னை அப்ப ஒரு தேவைக்குச் சேர்த்தது, பிள்ளை."

அங்கத்தவர்கள் பெரியப்பாவுக்குக் கையை உயர்த்தினார்கள். முகாமிலிருந்து நான் கூட்டிக்கொண்டு வந்த இரண்டு பேரில் ஒருவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு உயர்த்தினார். மற்றவர் என்னைப் பார்த்துக்கொண்டே உயர்த்தினார். எது கூடுதலாக நொந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

நான் வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தவள் எழும்பவில்லை. மச்சாள் வந்து தலைமாட்டில் இருந்தாள். "அந்த மண்டபத்தை அவையள் வைச்சிருக்கட்டும். கிணறு எங்களிட்டைத்தானே கிடக்கு. இந்தக் கிழமை ஆற்றை முறை எண்டு சொல்லு, அங்கை சனம் நிக்குது," என்றாள். எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை. பதவி போன கோபத்தில் கிணற்றடிப் பக்கமே நான் குறைத்துக்கொண்டேன். அவள் குறைக்கவில்லை. புதிதாக வளர்ந்த பெட்டைகளைச் சேர்த்தாள். எப்படி நிற்பது என்று அவர்களுக்குப் பழக்கினாள்.

தொண்ணூறில் திரும்பவும் சண்டை தொடங்கியது. ஏலக்கூடியவர்கள் படகேறிப் போய்விட்டார்கள். நாங்கள் தங்கிவிட்டோம். ஒரு நாள் விடியற்புறம் நேவிக்காரர் சுற்றி வளைத்து எங்கள் குறிச்சியில் சில ஆண்களைக் கொண்டு போனார்கள். அதில் பெரியப்பாவின் ஒரே மகன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், அவரும் ஒருவர். தலைவரை வரச் சொல்லியிருந்தார்கள்.

பெரியப்பா எங்கள் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் இல்லை. "பிள்ளை, நீ ஒருக்கா வந்து கதை. உனக்குத்தான் அவங்களோடை கதைக்கத் தெரியும்."

"தலைவர் நீங்கள்தானே பெரியப்பா. நீங்கள் போங்கோ," என்றேன். அம்மா, "அடியே!" என்றா. எனக்கு வேறு என்ன வாயில் வரும்? இத்தனை வருசமாக அந்தச் சொல்தான் தொண்டைக்குள் நின்றது. அவர் திரும்பிப் போனார். அண்ணையின் முகம் கண்ணுக்குள் வந்தது. அவர் என்ன பாவம் செய்தார்? சொன்னது திருப்தியாகவும் இருந்தது, நெஞ்சு பற்றியும் எரிந்தது.

நான் சீலையை மாற்றுவதா விடுவதா என்று நின்ற நேரம் ஒழுங்கையில் காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கிணற்றடிப் பெண்கள் எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள், முன்னால் மச்சாள். என்னை ஒருத்தியும் கூப்பிடவில்லை. என் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபம் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. செருப்பும் போடாமல் பின்னால் ஓடினேன்.

முகாமில் இந்த முறை வேறு அதிகாரி. சிரிக்கிற முகம் இல்லை. "தலைவர் எங்க?" என்றான். "தலைவர் வரேல்லை. நாங்கள் தண்ணி அள்ளுற ஆக்கள். எங்கடை ஆம்பிளையளைக் கேட்டு வந்தனாங்கள்," என்றாள் மச்சாள். அவர்கள் இங்கே இல்லை, போங்கள், நாளைக்கு வாருங்கள் என்றான். அவள் நகரவில்லை. அதட்டினான், தோளிலிருந்த துவக்கைத் தட்டினான். அவள் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லாமல் அப்படியே நின்றாள், நாங்களும் நின்றோம். வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்த பிறகுதான் திரும்பினோம். வெறுங்கையோடு.

பெரியப்பா வாசிகசாலை வாசலில் நின்றார். எங்களோடு மகன் இல்லை என்பதைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். "இதுக்குத்தான் பெட்டையளை விடக்கூடாது எண்டது! போய் உள்ளதையும் கெடுத்துப்போட்டு வந்து நிக்கிறியள்!"

நான் வாயைத் திறந்தேன். நல்லவேளை, மச்சாள் முந்திவிட்டாள்.

"நாளைக்கும் வரச் சொன்னவங்கள், மாமா. நாளைக்கும் போவம். நீங்களும் வாங்கோ."

பெரியம்மா அவருக்குப் பக்கத்தில் போகவில்லை, எங்களோடுதான் நின்றா.

அடுத்த நாள் காலை கிணற்றடியில் வாளிகளை வைத்துவிட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது, ஒழுங்கை முடக்கில் பெரியப்பா நின்றார். தோய்த்த சேட்டுப் போட்டிருந்தார். எங்களைக் கண்டதும் வழக்கம்போல முன்னால் வரப்போனவர், பாதியில் நின்றார். என்னைப் பார்த்தார். நான் மச்சாளைப் பார்த்தேன். அவர் அவளிடம் போனார்.

"பிள்ளை, நான் எங்கை நிக்கிறது?" என்று கேட்டார்.

"மாமிக்குப் பக்கத்திலை நில்லுங்கோ," என்றாள். அவர் போய் நின்றார். நாங்கள் நடந்தோம்.